மொத்தம் எவ்வளவு?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். மனைவியிடம் முழுவதையும் வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் இதைப் போடுகிறேன். இரண்டு இடங்களில் அவர் திருத்தமும் செய்தார்.

போன கிழமை இடைவேளை நேரம், எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு இளம் ஆசிரியர் கிரெடிட் கார்ட் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். நியமனம் கிடைத்து இன்னும் அதிக காலம் ஆகவில்லை. என்னைக் கண்டதும், "மாச முடிவுல முழுசாக் கட்டினா வட்டி இல்லதானே சேர்?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. 2017இல் நானும் இதே அறையில் இருந்து, இதே வசனத்தைச் சொல்லித்தான் கையொப்பம் வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. அவருக்குத் தனியாகச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

நான் கணித ஆசிரியர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகள் சிலர் என்னிடம் படித்தவர்கள். பதினோராம் தரத்துக்கு வட்டிக் கணக்குப் படிப்பிப்பவன். குறைந்து செல்லும் மீதி, கூட்டு வட்டி எல்லாம் புத்தகத்தைப் பார்க்காமலே பலகையில் செய்துவிடுவேன். ஆனால் என் சொந்தக் கணக்கை ஐந்து வருடம் நான் கூட்டிப் பார்க்கவே இல்லை.

முதல் இரண்டு வருடமும் ஒழுங்காகத்தான் போனது. சாமான் வாங்குவேன், சம்பளம் வந்ததும் முழுவதையும் கட்டுவேன். ஒரு சதம் வட்டி இல்லை. அதனால் பயமும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலை மூடப்பட்டது. வட்ஸ்அப்பில் பாடம் நடத்த எனக்கு ஒரு போன், மகளுக்கு ஒரு போன், பிறகு ஒரு லெப்டொப். அந்த மாதம்தான் முதன்முதலாகக் குறைந்தபட்சக் கொடுப்பனவை மட்டும் கட்டினேன். அடுத்த மாதம் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன். 2021இல் வாப்பாவின் கடைசி நோய். மருந்து, வேன் கூலி, ஸ்கேன். அதற்காக இன்னொரு பேங்கில் இரண்டாவது கார்ட் எடுத்தேன். இவற்றுக்கெல்லாம் நான் வருந்தவில்லை. வருந்துவது அதற்குப் பிறகு நடந்ததற்கு. தேவைக்கு எடுத்துப் பழகிய கை, தேவையில்லாததற்கும் எடுக்கத் தொடங்கியது. பெருநாள் உடுப்பு, கலியாணப் பரிசு, குடும்பத்தோடு ஒருநாள் வெளியில் சாப்பாடு. யாரும் என்னைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த செலவுகள்.

பிறகு 2022 வந்தது. அந்த வருடத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏப்ரலில் மத்திய வங்கி கார்ட் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. என் கார்ட்டுகளின் வட்டி 24, 30 என்று ஏறி 36 வீதத்தில் வந்து நின்றது. செப்டம்பர் மாதம் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. சம்பளம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. பேங்கில் இருந்து வந்த எஸ்எம்எஸ்களைத் திறக்காமலே அழித்தேன். அழைப்பு வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் போய்ப் பேசினேன்.

இதற்கு மேல் ஒரு வேதனை இருந்தது. நம்மவர்களுக்கு அது விளங்கும். வட்டி ஹராம். ஜும்ஆவில் குத்பா வட்டியைப் பற்றி வந்தால் நான் பாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கஷ்டத்தில் இருப்பதை யாரிடமும் சொல்லலாம். வட்டியில் மாட்டிக்கொண்டேன் என்று யாரிடம் சொல்வது? ஊரில் சேர் என்று கூப்பிடுகிறார்கள், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லச் சொல்லி அனுப்புகிறார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறியது. ஹராம் என்ற பயம் என்னைக் கடனில் இருந்து வெளியே கொண்டுவந்திருக்க வேண்டும். வெட்கமாக மாறியதால் அதுவே என்னை உள்ளே வைத்துப் பூட்டியது.

2023 ஜனவரி. இரவு மின்வெட்டு நேரம். மூத்த மகள் அந்த வருடம் ஓ.எல் எழுத இருந்தாள். மாதிரி வினாத்தாள் தொகுதி ஒன்று வாங்க 1,500 ரூபா கேட்டாள். சம்பளம் வரட்டும் மகள் என்றேன். அவள் கோபப்படவில்லை. இயல்பாகக் கேட்டாள்: "கார்ட்ல எடுக்க ஏலாதா வாப்பா?"

கார்ட் என்றால் வாப்பாவின் காசு என்று என் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் அப்படிப் பழக்கியிருக்கிறேன். அன்று இரண்டு கார்ட்டிலும் சேர்த்து 1,500 ரூபாவுக்குக்கூட இடம் இருக்கவில்லை.

பிள்ளைகள் படுத்த பிறகு மனைவியிடம் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. டோர்ச் வெளிச்சத்தில் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்தோம். அவர் இடையில் பேசவில்லை. நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மொத்தம் எவ்வளவு மச்சான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒவ்வொரு மாதமும் கட்ட வேண்டியது எவ்வளவு என்று தெரியும். மொத்தம் தெரியாது. தெரியாமல் இருக்கத்தான் எஸ்எம்எஸ்களை அழித்தேன். அந்த நேரத்தில் இரண்டு கார்ட்டின் நிலுவையையும் எடுத்து, மகளின் பழைய பயிற்சித்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கூட்டினோம். ஒன்றில் 287,400. மற்றதில் 124,600. மொத்தம் 412,000 ரூபா.

அவர் அந்தத் தொகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இவ்வளவுதானே? நீங்க போனத் தூக்கிட்டு வளவுக்குள்ள போறதப் பாத்து நான் வேற என்னமோ எண்டு நெனச்சன்" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக என் மனைவி என்ன நினைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறார்! கடனை மறைத்தேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் கடனைவிடப் பெரிய பாரம் ஒன்றை அவர் தலையில் வைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒன்று சொன்னார். மூலைக் கடையில் 18,700 ரூபா கடன் கொப்பியில் இருக்கிறது, எனக்குச் சொன்னால் மனம் உடைவேன் என்று சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்து, ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து இருவரும் ஒளித்திருக்கிறோம்.

அடுத்த நாள் நான் செய்ய வேண்டியிருந்த கணக்கைச் செய்தேன். பதினோராம் தரப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் செய்யும் கணக்கு. 36 வீதம் என்றால் மாதம் 3 வீதம். 412,000க்கு ஒரு மாத வட்டி 12,360. குறைந்தபட்சக் கொடுப்பனவு 5 வீதம், 20,600. அதாவது நான் கட்டிய 20,600இல் 12,360 வட்டிக்கே போய், கடனில் 8,240தான் கழிந்தது. வீட்டுக்கு வந்த வருமானம் என் கைச்சம்பளம் 47,500, மனைவியின் தையல் காசு 9,000, ஆக 56,500. கார்ட்டுக்குக் கட்டினால் மிச்சம் 35,900. வீட்டுச் செலவோ 45,000. துண்டுவிழும் 9,100ஐ என்ன செய்தேன்? திரும்பவும் கார்ட்டில் எடுத்தேன். 8,240 கழிகிறது, 9,100 ஏறுகிறது. எத்தனை வருடம் கட்டினாலும் இந்தக் கடன் முடியாது. முடியாதபடிதான் நான் கட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் இரண்டு கார்ட்டையும் கத்தரிக்கோலால் வெட்டினோம். வெட்டியது மனைவி. துணி வெட்டும் கத்தரிக்கோல் மழுங்கிவிடும் என்று வேறு கத்தரிக்கோல் தேடினார்.

இரண்டாவது, ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி ஒவ்வொரு ரூபாவையும் எழுதினோம். எழுதும் பொறுப்பை மகளிடம் கொடுத்தோம். பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தோம். சொன்னோம். ஆறாம் தரத்தில் இருந்த மகன் கேட்டான்: "அப்ப நாம ஏழையா வாப்பா?" நான் பதில் தேடும்போது அவனது உம்மா சொன்னார்: "இல்ல மகன், வாப்பாக்குக் கணக்குப் பிழைச்சிட்டு." அன்றிலிருந்து அவன் என் கணக்கைத் திருத்துபவனாக மாறிவிட்டான். கடைக்குப் போனால் விலையைச் சத்தமாக வாசிப்பான்.

முதல் மாதக் கொப்பியைப் பார்த்தபோது எங்களுக்கே நம்ப முடியவில்லை. மூன்று போனுக்கும் ரீலோட் 4,350. நான் சந்தியில் குடித்த டீ, சாப்பிட்ட ரோல்ஸ், பாடசாலைக் கென்டீன் எல்லாம் 3,100. மாதம் முழுக்க அரிசிக்குப் போனது 6,800. வட்டிக்குப் போனது 12,360. எங்கள் வீட்டில் அதிகம் தின்றது யார் என்று கொப்பி காட்டிவிட்டது. ரீலோட்டை 1,800க்குக் குறைத்தோம். டீயை வீட்டில் இருந்து பிளாஸ்கில் கொண்டுபோனேன், 600க்குள் முடிந்தது. இந்த இரண்டிலும் மட்டும் 5,050 மிச்சம். பின்னேரம் வேறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு வகுப்பு ஒன்று தொடங்கினேன், மாதம் 8,000 வந்தது. 9,100 பள்ளம் நிரம்பி, கையில் கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சியதில் மாதம் மூவாயிரப்படி மூலைக் கடைக் கடனை ஏழு மாதத்தில் தீர்த்தோம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. என் காக்காவிடம் போனேன். கட்டாரில் உழைத்துவிட்டு வந்து ஊரில் கடை வைத்திருப்பவர். வாப்பாவின் வருத்தத்துக்குச் செலவழித்ததில் அவருக்கும் பங்கு உண்டு, ஆனால் என் பங்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். "ஏன் தம்பி இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்று மட்டும் கேட்டார். மூன்றாம் நாள் ஒரு இலட்சம் ரூபா கொண்டுவந்து தந்தார், கர்ழன் ஹஸனாவாக. "கார்ட் முடியட்டும், பிறகு எனக்குத் தா" என்றார். நான் எழுத்து எழுத வேண்டும் என்றேன். "எனக்கும் உனக்கும் இடையில என்ன எழுத்து?" என்று கோபித்தார். அல்குர்ஆனில் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்று நினைவூட்டினேன். சிரித்துக்கொண்டே கையொப்பம் வைத்தார். இரண்டு சாட்சிகளும் வைத்தோம்.

மனைவி சீட்டு ஒன்று பிடித்துக்கொண்டிருந்தார், மாதம் 5,000. அது வீட்டுச் செலவுக் கணக்குக்குள்தான் இருந்தது. சீட்டுக்காரியிடம் உண்மையைச் சொல்லித் தன் முறையை முன்னுக்கு எடுத்தார். அது 60,000. மொத்தம் 160,000. பெப்ரவரியில் சின்னக் கார்ட்டை அந்த மாத வட்டியோடு 128,300 கட்டி மூடினோம். மிச்சத்தைப் பெரிய கார்ட்டில் போட்டோம். நிலுவை 264,300 அளவில் நின்றது.

அவர் தன் வளையலை விற்கவும் கழற்றினார். நான் வேண்டாம் என்றேன். அது அவருடைய சொத்து, என் பிழைக்கு அது பதில் சொல்லக் கூடாது. தேவைப்பட்டால் அது கிடக்கிறது என்ற தைரியமே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

இனி ஒரு விசயத்தைக் கவனமாக வாசியுங்கள், முக்கியமாகக் கார்ட் வைத்திருப்பவர்கள். மார்ச்சில் இருந்து ஒவ்வொரு மாதமும் 20,600 கட்டினோம். முன்பு கட்டிய அதே தொகை. ஒரு ரூபா கூடவில்லை. கடன் குறையக் குறைய பேங்க் கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் குறையும். மார்ச்சில் அவர்கள் கேட்டது 14,000க்கும் கீழே. கேட்டதை மட்டும் கட்டுங்கள் என்று அந்தச் சிட்டை அன்பாகச் சொல்லும். அதைக் கேட்காதீர்கள். 412,000 கடனுக்குக் கார்ட்டைத் தொடவே தொடாமல், மாதம் 5 வீதம் மட்டும் கட்டியிருந்தால் 17 மாதம் கழித்தும் எனக்கு ஏறத்தாழ 292,000 கடன் மிஞ்சியிருக்கும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார்ட்டில் காசாக எடுத்தால் இன்னும் மோசம், எடுத்த நாளில் இருந்தே வட்டி ஓடும்.

மகள் ஒவ்வொரு மாதமும் நிலுவையைக் கலண்டரில் எழுதுவாள். ஜூலையில் 197,053 என்று எழுதினாள். இரண்டு இலட்சத்துக்குக் கீழே இறங்கிய அன்று மாமி வட்டிலப்பம் செய்தார். ஆமாம், மாமிக்கும் சொல்லியிருந்தோம். நான் இருப்பது அவர் மகளுக்குக் கொடுத்த வீட்டில். அவரிடம் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. அவர், "வீட்ட ஈடு வெக்காம வந்து சொன்னீங்களே மகன், அது போதும்" என்றார்.

எல்லா மாதமும் நேராகப் போகவில்லை. ஓகஸ்டில் மகனுக்கு டெங்கு. அரச ஆஸ்பத்திரியில் காசு இல்லைதான், ஆனால் போக வர, இளநீர், சாப்பாடு, வகுப்பு நடத்தாத நாட்கள் என்று கை வெறுமையாகிவிட்டது. அந்த மாதம் 12,000தான் கட்டினோம். முன்பென்றால் அதை ஒளித்திருப்பேன். இப்போது கலண்டரில் மகளே எழுதினாள்: "12,000. தம்பிக்கு டெங்கு." காரணம் பக்கத்தில் எழுதப்பட்டிருந்ததால் அது தோல்வியாகத் தெரியவில்லை.

பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கு மனைவி தைத்த உடுப்பு. சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்குப் பரிசு கொடுக்க முடியவில்லை. மாப்பிள்ளையிடம் போய், "இந்த முறை என்னால ஏலாது, துஆ மட்டும்தான்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் இந்தக் கலியாணத்தக் கடன்லதான் செய்றன்" என்றார். ஊரில் எத்தனை பேர் இப்படி ஒருவருக்கொருவர் பயந்து செலவழிக்கிறோம் என்று அன்று யோசித்தேன்.

2023 கடைசியில் வட்டி கொஞ்சம் இறங்கியது. 2024 ஜனவரியிலும் ஏப்ரலிலும் அரச ஊழியர் கொடுப்பனவு ஐயாயிரப்படி கூடியது. அந்தக் காசை நாங்கள் கண்ணால் காணவில்லை, அப்படியே கார்ட்டுக்குப் போனது. 2024 மே மாதம் கடைசித் தொகை 29,480ஐக் கட்டி, கார்ட் கணக்கை மூடும்படி எழுதிக் கொடுத்து, மூடியதற்கான கடிதத்தையும் கேட்டு வாங்கினேன். கடிதத்தைக் கட்டாயம் வாங்குங்கள். அதற்கடுத்த மாதத்தில் இருந்து காக்காவுக்குப் பத்தாயிரப்படி பத்து மாதம். 2025 நோன்பில் கடைசிப் பத்தாயிரத்தைக் கொடுத்து, எழுத்தைத் திருப்பி வாங்கினேன். அவர் அதைக் கிழிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

எல்லோருக்கும் ஒரு காக்கா இல்லை என்பது எனக்குத் தெரியும். சம்பளமே இல்லாதவர்களுக்கு என் கணக்குப் பொருந்தாது என்பதும் தெரியும். எங்கட பக்கத்தில் ஆண்கள் கார்ட்டை ஒளிக்கிறார்கள், பெண்கள் நுண்கடனை ஒளிக்கிறார்கள். கிழமைக்குக் கிழமை காசு கேட்டு வாசலுக்கு ஆள் வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் தாய்மார் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வட்டியின் பாவத்தைச் சொல்லும் அதே குத்பாவில், மாட்டிக்கொண்டவர் இரகசியமாக வந்து பேச ஒரு ஆளையும் ஒரு நேரத்தையும் சொல்லுங்கள். பைத்துல்மாலில் காசு குறைவாக இருக்கலாம். கேட்க ஒரு காது இருந்தாலே பாதிப் பேர் கணக்கைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

நான் இதை ஆசிரியர் அறையில் முதன்முதலில் சொன்ன அன்று, பின்னேரம் மூன்று பேர் தனித்தனியாக எனக்கு அழைப்பு எடுத்தார்கள். மூவரும் தொடங்கியது ஒரே மாதிரி: "சேர், யாருக்கும் சொல்லிப்போடாதீங்க."

நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லுங்கள். எனக்கல்ல, உங்கள் வீட்டில் இருப்பவருக்கு. இன்று இரவு பிள்ளைகள் படுத்த பிறகு ஒரு தாளை எடுத்து இரண்டு பேரும் சேர்ந்து மொத்தத்தைக் கூட்டுங்கள். தொகை பெரிதாகத்தான் இருக்கும். எங்களுக்கும் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டி முடித்த அன்றுதான் நான் அந்த வருடத்தில் முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த இளம் ஆசிரியர் இதை வாசிப்பார் என்று நினைக்கிறேன். தம்பி, விண்ணப்பத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குக் காட்டிவிட்டுக் கையொப்பம் வையுங்கள்.

கடனோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் வழி திறந்து வைப்பானாக. எங்களுக்கும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.